ஹென்றி பாபாவுக்குப் பால்

உக்காரும்மா. சும்மா சும்மா எட்டிப் பாத்தா வண்டி நகர்ந்துடுமா? முன்னாடி ரெண்டு மைலுக்குத் தண்டவாளத்தைப் பேத்துட்டாங்களாம், தந்திக் கம்பியை அறுத்துட்டாங்களாம், கார்டு சொல்லிட்டுப் போனது உன் காதுலயும்தானே விழுந்துது? சாயங்காலத்துக்குள்ள விழுப்புரம் போய் என் தங்கச்சி வீட்டுல காபி குடிக்கலாம்னு இருந்தேன். போச்சு. இனிமே இந்தப் புளியந்தோப்புதான் நமக்கு ஸ்டேஷன்.

நீ கதர் கட்டியிருக்க. கட்டிக்கோ, நான் வேணாங்கல. தண்டவாளம் பேத்தாங்கன்னதும் உன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் வந்துதே, அதையும் நான் குத்தம் சொல்லல, சின்ன வயசு. ஆனா அந்த மூலையில உக்காந்திருக்கிற பெரியவர்கிட்ட ஒண்ணு சொன்னியே, சொதந்திரம்னா நாலு உயிர் போகத்தான் செய்யும்னு, அதுதான் எனக்குச் சுருக்குனு இருந்துது. அந்த நாலு உயிர் யாருதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். கண்ணால பாத்திருக்கேன். இங்க இல்ல, சீமையில.

லண்டன் இல்லம்மா. எல்லாரும் சீமைன்னா லண்டன்தான்னு நெனைச்சுக்கறாங்க. அதுக்கு அந்தாண்ட இன்னொரு கடல், அந்தக் கடலுக்கு அந்தாண்ட அயர்லாந்துன்னு ஒரு தீவு. அதுல டப்ளின்னு ஊரு. அங்கயும் இங்கிலீஷ்காரன் ராஜ்யம்தான், அங்கயும் அவனை வெளிய போடான்னுதான் சண்டை. நீ இப்ப காந்தி காந்திங்கிறியே, அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. பதினாறாம் வருஷம்.

என் பேரு சவரியம்மா. பரங்கிமலை. பீரங்கிப் பட்டாளத்துல ஹார்வுட் கேப்டன் இருந்தாரு, அவர் வீட்டுல நான் ஆயா. பாபா பொறந்த அன்னிக்கே என் கையிலதான் குடுத்தாங்க. ஹென்றி பாபா. ரெண்டு மாசத்துல ஜெர்மன் சண்டை வந்துடுச்சு, துரையை பாஸ்ரா பக்கம் அனுப்பிட்டாங்க. துரைசானிக்குப் பொறந்த ஊரு டப்ளின். அண்ணன் வீட்டுக்கே போயிடறேன், நீயும் வா ஆயான்னாங்க. போனேன். கப்பல்ல இருபத்தாறு நாள் வாந்தி. அந்த வாந்தியிலயும் பாபாவுக்கு ஒரு வேளை பால் தவறல. என் மேல வேற எந்தக் குத்தம் வேணா சொல்லு, பிள்ளையைப் பாத்துக்கல்லன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல முடியாது.

பெரிய வீடு. மேல மூணு மாடி, தரைக்குக் கீழ பள்ளத்துல சமையக்கட்டு. தெருவுல இருந்து பத்துப் படி எறங்கி வரணும். சமையக்கட்டு ஜன்னல் வழியாப் பாத்தா தெருவுல போறவங்க காலு மட்டும் தெரியும். அங்க டீலியான்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு. பத்தொம்பது வயசு. அவளும் வேதக்காரி, நம்ம மாதிரி மாதா கோயிலுக்குப் போறவ. துரைசானி வேற சபை. அதனால சாயங்காலம் நானும் டீலியாவும் அடுப்பாண்ட உக்காந்து செபமாலை சொல்லுவோம். அருள் நிறைந்த மரியேன்னு முன்பாதியை நான் தமிழ்ல சொல்லுவேன், பின்பாதியை அவ அவங்க இங்கிலீஷ்ல சொல்லுவா. மாதாவுக்கு எல்லாம் புரியும். எனக்குத்தான் அவ பேசுறது பாதி புரியாது. நல்ல பொண்ணு. கொஞ்சம் அழுத்தக்காரி.

அவங்கப்பா பட்டாளத்துல இருந்தாரு. இதைக் கவனிச்சுக்கோ. இங்கிலீஷ்காரன் பட்டாளத்துல, பிரெஞ்சு தேசத்துல குழி வெட்டிப் படுத்துக்கிட்டு ஜெர்மன்காரனைச் சுட்டுக்கிட்டு இருந்தாரு. அம்மா ஆஸ்பத்திரியில துணி தொவைக்கறவங்க. வீடு எங்க தெருவுக்கு எதிர்ப்பக்கம், பால்காரி கடைக்குப் பின்னாடி ஒரு சந்து. ஒரு ரூமுல ஏழு பேரு. கடைக்குட்டி ஐலீன், ரெண்டரை வயசு. எலும்பும் தோலுமா இருக்கும், ஆனா வாய் மட்டும் ஓயாது.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கெழமை. ஊருக்கு வெளிய குதிரைப் பந்தயம். துரைசானியும் அவங்க அண்ணனும் அண்ணியும் மோட்டார்ல கெளம்பிட்டாங்க. சமையக்காரிக்கும் லீவு. போறப்போ துரைசானி என் தோளைத் தொட்டு, ஆயா, பாபா உன் பொறுப்பு, பதினோரு மணிக்குக் காத்தாட அழைச்சுட்டுப் போயிடுன்னாங்க. மழை பேஞ்சாலும் சரி, இடி விழுந்தாலும் சரி, பதினோரு மணியில இருந்து பன்னெண்டு வரைக்கும் பிள்ளை வெளிக்காத்துல இருக்கணும். அவங்க வழக்கம் அது.

தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு பார்க்குக்குப் போனேன். அங்க பாத்தா ஆம்பளைங்க பூச்செடி நடுவுல குழி வெட்டிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தன் பச்சை உடுப்பு, இன்னொருத்தன் சாதாக் கோட்டு, அதுக்கு மேல தோட்டா பெல்ட்டு. முனிசிபாலிட்டி வேலைன்னு நெனைச்சேன், மாதா சத்தியமா! அப்புறம் ஒருத்தன் கைத்துப்பாக்கியை ஆட்டிக்கிட்டு எல்லாரையும் வெளிய போங்க போங்கன்னு வெரட்டினான். திரும்பி வந்தா எங்க தெருமுனையில நாற்காலி, மேஜை, மோட்டார், பெஞ்சுன்னு எல்லாத்தையும் கொண்டாந்து அடுக்கி வழியை அடைச்சுட்டாங்க. நான் தள்ளுவண்டியோட நிக்கறேன். அப்ப என்ன பண்ணாங்க தெரியுமா? துப்பாக்கி வச்சிருந்த ரெண்டு பேரு வந்து, ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு, பாபாவோட தள்ளுவண்டியை அப்படியே தூக்கி அந்தாண்ட எறக்கி வச்சாங்க. ஒருத்தன் எனக்குத் தொப்பியைக் கழட்டினான். எனக்கு! கறுப்பு ஆயாவுக்கு!

வழி விட்டதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. மெட்ராஸ்ல ஒரு வாட்டி மொகரம் கலாட்டா நடந்துது, அந்தப் பக்கம் கல்லு, இந்தப் பக்கம் போலீஸ் தடி. நான் இன்னொரு துரை வீட்டுப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நடுவுல மாட்டிக்கிட்டேன். பிள்ளை மூஞ்சியைப் பாத்ததும் கல்லு நின்னுது, தடியும் நின்னுது. இன்ஸ்பெக்டரே வந்து வழி பண்ணி விட்டாரு. வெள்ளைக்காரப் பிள்ளை கையில இருந்தா எந்தச் சண்டைக்குள்ளயும் நடந்து போயிடலாம்மா. அது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

வீட்டு வாசல்ல நின்னு திரும்பிப் பாக்கறேன், அதே அடைப்பாண்ட ஒரு வண்டிக்காரன் சத்தம் போட்டுக்கிட்டு இருக்கான். அவனோட கைவண்டியையும் இழுத்து அடைப்புல சொருகிட்டாங்க. அது என் பொழப்புடா, குடுங்கடான்னு இழுக்கறான். விடுன்னு ஒருத்தன் சொன்னான். விடல. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினான். அப்பவும் அந்த மனுஷன் வண்டிக் கைப்புடியை விடல. சுட்டான். நெத்தியில. பின்மண்டை பேந்து கைவண்டிச் சக்கரத்துல அடிச்சுது. சுட்டவனும் அந்த ஊர்க்காரன், செத்தவனும் அந்த ஊர்க்காரன். பக்கத்துல ஒரு பொம்பளை முழங்கால் போட்டுக் கத்தறா, அவனைப் பெத்தவளோ, தெருவுல போனவளோ, யாருக்குத் தெரியும்? எனக்கு என்ன தோணுச்சுன்னா, அந்த ஆளு கையில ஒரு குழந்தை இருந்திருந்தா சுட்டிருக்க மாட்டாங்களே, பாவம், அதுதான் தோணுச்சு.

கீழ போனா, டீலியாவோட ஐலீன் உக்காந்திருக்கு. அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போறப்போ அக்காகிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க, சாயங்காலம் வந்து அழைச்சுக்கறேன்னு. எந்தச் சாயங்காலம்? அம்மாவும் வரல, துரைசானியும் வரல. ஊரைச் சுத்தி வழியெல்லாம் அடைச்சாச்சு. அந்தப் பள்ளத்துச் சமையக்கட்டுல நாங்க நாலு பேரு. நான், டீலியா, பாபா, ஐலீன்.

செவ்வாக்கெழமை இங்கிலீஷ்காரன் பட்டாளம் வந்துடுச்சு. தெருவோட இந்த முனையில மணல் மூட்டை போட்டு மெஷின் துப்பாக்கி வச்சாங்க. அந்த முனையில இருந்த மாடி வீட்டுல சொதந்திரம் கேட்டுத் துப்பாக்கி எடுத்த அந்தப் பசங்க ஏறிக்கிட்டாங்க. நடுவுல நம்ம வீடு. ஜன்னல் கண்ணாடி மேல் மாடியில இருந்து ஒண்ணொண்ணா உடைஞ்சு வருது. வெளிப்படியில நின்னு கம்பி சந்து வழியாப் பாத்துக்கிட்டு இருந்தேன், எதுத்த வீட்டுல ஒரு கெழவி திரையை வெலக்கி எட்டிப் பாத்தா, அவ்வளவுதான், அந்தத் திரையோடயே உள்ள விழுந்தா. அப்புறம் அந்தத் திரையை யாரும் சரி பண்ணல. தெரு நடுவுல ஒரு குதிரை செத்து வயிறு உப்பிக்கிட்டே வருது. அந்த நாத்தம் படி எறங்கி உள்ள வருது. டீலியா காதைப் பொத்திக்கிட்டு மேஜைக்கு அடியில உக்காருவா. நான் உக்காரல. பாபாவுக்கு நேரா நேரத்துக்குக் குளிப்பாட்டணும், ஒடம்பு தொடைக்கணும், வேலை இருக்கே.

புதன்கெழமை பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். அறுபது வயசு, நல்ல மனுஷன், பாபாவுக்கு மொளைச்ச பல்லையெல்லாம் சும்மாவே பாத்துக் குடுப்பாரு. வீட்டுல ரொட்டி இல்லன்னு கெளம்பியிருக்காரு. கைத்தடியில வெள்ளைத் துணியைக் கட்டிக்கிட்டு, தொப்பி போட்டுக்கிட்டு, ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போற மாதிரி படியெறங்கினாரு. நாலு அடி. தொண்டையில பட்டுது. ஒடனே சாகல. படியில உக்காந்துக்கிட்டு ரெண்டு கையாலயும் கழுத்தைப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு, வெரல் சந்து வழியா ஒழுகுது. டீலியா போய்த் தூக்கணும்னு எழுந்தா. நான் அவ பாவாடையைப் புடிச்சு இழுத்தேன். போனா நீயும்டின்னேன். ஒரு மணி நேரம் இருந்தாரு. அப்புறம் சாஞ்சுட்டாரு. வெள்ளைத் துணியைப் பாத்தும்தான் சுட்டாங்க. அப்ப வெள்ளைத் துணி உதவாது. அதை நான் மனசுல வச்சுக்கிட்டேன்.

இப்ப பாலுக்கு வரேன். பால்காரன் திங்கக்கெழமையோட நின்னுட்டான். இருந்த ஒரு ஜாடிப் பாலைத் தண்ணி கலந்து செவ்வாய் ராத்திரி வரைக்கும் ஓட்டினேன். டின் பால் துரைசானி வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. என்கிட்ட ரெண்டு படி அரிசி இருந்துது, எனக்குன்னு வாங்கி வச்சது. கஞ்சி வச்சேன், கொழையக் கொழைய, சக்கரை போட்டு. ஐலீன் ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டு இன்னொண்ணு குடுன்னுது. பாபா ஒரு வாய் வாங்குவான், ஒடனே கக்குவான். புதன்கெழமை முழுக்க அழுதான். வியாழக்கெழமை காலையில அழுகை நின்னுடுச்சு. அதுதான் என்னைக் கலக்குச்சு. ஒதடு காஞ்சு வெடிச்சுப் போச்சு, கண்ணு உள்ள போயிடுச்சு, கட்டின துணி காலையில இருந்து நனையவே இல்ல. என் மடியில துணி மூட்டை மாதிரி கெடக்கறான். நான் அப்பவே செத்தேன்மா. என்கிட்ட ஒப்படைச்ச பொருளு! நான் பெத்த பிள்ளையா இருந்தா, போடா சாமின்னு அழுதுட்டு இருந்திருப்பேன். இது ஒப்படைச்ச பொருளு.

பால்காரி கடை எதுத்தாப்புலதான். பின்னாடி கொட்டகையில நாலு மாடு. கறக்க ஆளில்லாம மாடு கத்தறது எங்களுக்குக் கேக்குது. நாப்பது அடி தெரு. நாப்பது அடிதாம்மா, அதுக்கு மேல இல்ல.

நான் போயிருக்கலாமேன்னு கேப்ப. எப்படிப் போவேன்? பாபாவை யாருகிட்ட விடறது? அதுவும் இல்லாம நான் கறுப்பி, பொடவை கட்டினவ. ஏதோ ஜெர்மன்காரன் அனுப்பின ஆளுன்னு சுட்டுடுவான். டீலியாதான் சொன்னா, நான் குனிஞ்சு ஓடிப் போய் வாங்கியாறேன் ஆயான்னு. அவளாத்தான் சொன்னா, நான் சொல்லல, அதை ஞாபகம் வச்சுக்கோ.

நான் சொன்னேன்: "குனிஞ்சு ஓடினாத்தான் சுடுவான். திருடன்னு நெனைப்பான். நிமிந்து நட. கையில குழந்தையை வச்சுக்கோ. மூஞ்சி முன்பக்கம் தெரியற மாதிரி வச்சுக்கோ. வெள்ளைப் பிள்ளையைப் பாத்தா ஒருத்தனும் சுடமாட்டான். திங்கக்கெழமை என்னைத் தூக்கி விட்டாங்களே, நீ பாக்கல, நான் பாத்தேன்."

"குழந்தையையா?"ன்னா. ஐலீனைப் பாத்தா. அப்புறம் என் மடியில இருந்த பாபாவைப் பாத்தா.

"பாபாவுக்கு ஒடம்பு முடியலியே, எப்படி வெளிக்காத்துல அனுப்பறது?"ன்னேன். நியாயம்தானே? 

"ஆயா, நெஜமாவே சுடமாட்டாங்களா?"

"எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

ஐலீனை அப்படியே அனுப்பிடல நான். அந்தப் பிள்ளையைப் பாத்தா சந்துப் பிள்ளைன்னு ஒரு மைல்லயே தெரியும், மூக்கு ஒழுகிக்கிட்டு, கிழிஞ்ச கவுனு போட்டுக்கிட்டு. அதைப் பாத்தா யாருக்கு மரியாதை வரும்? உக்கார வச்சு மூஞ்சி கழுவினேன். தலையை வாரினேன். பாபாவோட நீல வெல்வெட் கோட்டு, லண்டன்ல தெச்சது, கழுத்துல வெள்ளை மயிர் வச்சது, அதை எடுத்துப் போட்டு விட்டேன். பாபா கொழுகொழுன்னு இருப்பான், இது ஒட்டடைக்குச்சி, அதனால பொருந்திப் போச்சு. கை மட்டும் கொஞ்சம் குட்டை. தொப்பியும் போட்டு ரிப்பனைக் கட்டினேன். அந்தக் குட்டிக்கு என்ன சந்தோஷம்ங்கற! கழுத்து மயிரைத் தடவித் தடவி, பூனை, பூனைங்குது. கழட்ட மாட்டேன்னுது. நான் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் எங்க பாபா துணியைக் குடுத்தவ இல்ல. குடுத்தேன்.

காலையில பத்து மணி இருக்கும். சுடறது கொஞ்சம் ஓஞ்சிருந்துது. நான் பாபாவைத் தோள்ல போட்டுக்கிட்டு, படியில நின்னு கம்பி சந்து வழியாப் பாக்கறேன். டீலியா நான் சொன்ன மாதிரியே நிமிந்து நடந்தா. ஒரு கையில பால் கேனு, இடுப்புல பிள்ளை. பட்டாளத்துக்காரங்க மணல் மூட்டைக்கு மேல தலையைத் தூக்கிப் பாத்தாங்க. அந்தப் பிள்ளை என்ன பண்ணுச்சு தெரியுமா? அவங்கப்பா பிரெஞ்சு தேசம் போறதுக்கு முன்னாடி சல்யூட் வைக்கச் சொல்லிக் குடுத்திருக்காரு. காக்கி உடுப்பைப் பாத்ததும் கையைத் தூக்கி நெத்தியில வச்சு சல்யூட் அடிச்சுது. அவங்க சிரிச்சாங்கம்மா. ஒருத்தன் சீட்டி அடிச்சான். ஒருத்தன் திரும்ப சல்யூட் வச்சான். டீலியா கடைக்குள்ள போயிட்டா.

பாத்தியா? நான் சொன்னது சரிதானே? மாதாவே ஸ்தோத்திரம்னு அந்தப் படியிலயே முழங்கால் போட்டேன்.

கேனு நெறையப் பால் வாங்கிக்கிட்டு வெளிய வந்தா. தெருவுல பாதி வந்திருப்பா. அப்ப அந்த முனை மாடி வீட்டுல இருந்த பசங்க சுட்டாங்க. அவளை இல்ல, பட்டாளத்தை. பட்டாளத்துக்காரன் எழுந்து நின்னு பிள்ளையைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தானே, அவன் சரியா மாட்டிக்கிட்டான் போல. ஒருத்தன் மூட்டை மேல கவுந்தான். ஒடனே இவங்க மெஷின் துப்பாக்கியைத் திருப்பினாங்க. அது ஒரு ஆளைப் பாத்துச் சுடறது இல்லம்மா. தெருவையே பெருக்கறது. செத்த குதிரை மேல பட்டுது, அது திரும்ப உசுரு வந்த மாதிரி துள்ளுச்சு. கல்லுத் தரையில இருந்து பொறி பறக்குது. டீலியா ஒரு சுத்து சுத்தினா. கீழ விழல. ஓடி வந்தா. அந்தப் பத்துப் படியையும் எப்படி எறங்கினான்னு தெரியல.

சமையக்கட்டு நடுவுல வந்து நின்னு ரெண்டு கையையும் என் பக்கம் நீட்டினா. ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பால். நான் பாலை வாங்கிக்கிட்டேன்.

கொட்டிடப் போவுதேன்னும்மா.  அவளுக்கு முழங்கைக்கு மேல சதை பிஞ்சு தொங்குது. அந்தக் கையாலதான் கேனைப் புடிச்சிருந்தா. மூடி மேல எல்லாம் ரத்தம். ஒரு சொட்டுப் பால் கொட்டல. கேனை மேஜை மேல வச்சுட்டுத்தான் பிள்ளையைப் பாத்தேன். முதுகுல ஒரு சின்ன ஓட்டை. கோட்டு நீலம், அதனால சட்டுனு தெரியல. திருப்பினா முன்பக்கம் வயிறுன்னு ஒண்ணு இல்ல. குண்டு அதுக்குள்ள புகுந்து, திசை மாறி வெளிய வந்துதான் டீலியா கையில பட்டிருக்கு. அந்தப் பிள்ளை மட்டும் நடுவுல இல்லாட்டி குண்டு நேரா டீலியா நெஞ்சுக்குப் போயிருக்கும். அப்படிப் பாத்தா நான் சொன்னது ஒரு விதத்துல பலிச்சுது. பிள்ளைதான் அவளைக் காப்பாத்துச்சு. இதை நான் டீலியாகிட்டயே சொன்னேன், அன்னிக்கே. ஆறுதலா இருக்கட்டுமேன்னு.

பாலைக் காய்ச்சினேன். மூடியைக் கழுவிட்டுத்தான். பாபாவுக்குக் கரண்டியால ஊட்டினேன். முதல் ரெண்டு கரண்டி ஒதட்டுல வழிஞ்சுது, மூணாவது முழுங்கினான். ஒரு கிண்ணம் முழுக்கக் குடிச்சான். மத்தியானத்துக்குள்ள கட்டின துணி நனைஞ்சுது. சிரிச்சான்மா! நான் அந்த ஈரத் துணியைக் கையில புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன், சந்தோஷத்துல. டீலியா பாத்துக்கிட்டே இருந்தா. அவ கையை நான்தான் கட்டி விட்டேன். என் நல்ல பொடவையைக் கிழிச்சு.

ஐலீனை வெண்ணெய் வைக்கிற ரூமுல வச்சோம். கல்லு மேடை, குளுகுளுன்னு இருக்கும். வெள்ளி, சனி ரெண்டு நாளும் பீரங்கி. ஆத்துல கப்பலைக் கொண்டாந்து நிறுத்திச் சுட்டாங்க. ஊரே எரிஞ்சுது. சாம்பல் படி வழியா எறங்கி வந்து பால் மேல படியுது, நான் துணி போட்டு மூடி வச்சேன். சாயங்காலம் நான் செபமாலையை எடுத்தேன். முன்பாதி சொல்லிட்டு நிறுத்தினேன். டீலியா பின்பாதி சொல்லல. மாலையில ஒரு மணிக்குக்கூடச் சொல்லல. நானே ரெண்டு பாதியும் சொல்லிக்கிட்டேன். அவ கல்லு மாதிரி உக்காந்திருக்கா. துக்கம் இருக்கும், இல்லங்கல. ஆனா செபத்துக்குக்கூட வாயைத் தொறக்கலன்னா?

சனிக்கெழமை அந்தப் பசங்க துப்பாக்கியைக் கீழ போட்டுட்டாங்க. ஆறு நாள். ஆறு நாள்ல எத்தனை பொணம்னு நெனைக்கற? தோட்டத்துல பொதைச்சாங்க, வீட்டுப் பின்னாடி பொதைச்சாங்க. பொட்டி கெடைக்கல. ஐலீனுக்கு ஒரு சோப்புப் பொட்டி கெடைச்சுது. பட்டாளம் ஒரு உத்தரவு போட்டிருந்துது, ஒரு பொணத்துக்கு ஒரே ஒரு ஆளுதான் கல்லறைக்குப் போகலாம்னு. அவங்கம்மா வந்து அந்தப் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. டீலியா தெருமுனை வரைக்கும் போனா, அங்க பட்டாளத்துக்காரன் தடுத்துட்டான், திரும்பி வந்தா. அவங்கப்பாவுக்குப் பிரெஞ்சு தேசத்துக்கு யாரு காயிதம் எழுதினாங்களோ, என்னன்னு எழுதினாங்களோ.

அந்தக் கோட்டோடதான் பொதைச்சாங்க. கழட்டிக் குடுன்னு நான் கேக்கல. கேட்டிருக்கலாம், தொவைச்சா போயிருக்கும், வெல்வெட்டுல ரத்தம் பச்சைத் தண்ணியில போகும். கேக்கல.

துரைசானி திங்கக்கெழமை வந்தாங்க. பாபாவை வாரி எடுத்து மூஞ்சி முழுக்க முத்தம். என் கையைப் புடிச்சுக்கிட்டு, நீ இல்லாட்டி என் பிள்ளை இல்ல ஆயான்னாங்க. ஒரு வெள்ளைக்காரி என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதது அந்த ஒரு வாட்டிதான். கடுதாசியும் எழுதிக் குடுத்தாங்க, நம்பிக்கையான ஆயான்னு. அதுக்கப்புறம் நான் எந்த வீட்டுலயும் வேலை கேட்டு நின்னது இல்ல. மூணாம் நாள் அலமாரியைத் தொறந்து, நீலக் கோட்டு எங்கன்னு கேட்டாங்க. கலாட்டாவுல காணாமப் போச்சுன்னேன். டீலியா அங்கதான் நிக்கறா, கையில கட்டோட. நிமிந்து என்னை ஒரு பார்வை பாத்தா. அன்னிக்கே துணி மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை கெடையாது. ஒரு வருஷம் ஒரே அடுப்புல கையைக் காட்டி உக்காந்தவ. என் பொடவையைக் கிழிச்சுக் கட்டினவ நான். அதுதாம்மா எனக்கு இன்னிக்கு வரைக்கும் மனசுல இருக்கு. அவளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? சுட்டவன் மேல கோவப்படணும், தூண்டிவிட்டவன் மேல கோவப்படணும். என் மேல என்ன?

பாபா இப்ப லண்டன்ல பேங்குல இருக்கான். வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்குப் போட்டோ அனுப்பறான். அவனுக்கே ஒரு பொம்பளைப் பிள்ளை.

என்ன கேட்ட? சத்தமாச் சொல்லு, அந்தப் பக்கம் கூச்சல் போடறாங்க. என்னது? வெள்ளைப் பிள்ளையைச் சுடமாட்டாங்கன்னு அவ்வளவு நம்பினீங்களே, அப்ப எதுக்கு ஐலீன், உங்க பாபாவையே குடுத்து அனுப்பியிருக்கலாமேங்கறியா?

நல்லா கேக்கறியே! அதெப்படிம்மா குடுப்பேன்? சுட்டுட்டா துரைசானிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?